வடசென்னைக் கடலோர வட்டாரம்: போக்குவரத்து

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியே இங்கு வடசென்னைக் கடலோர வட்டாரம் எனப்படுகிறது. இதன் வழிகளில் பெரும்பாலானவை சரக்குக்காக அமைந்தவை. மனிதர்கள் அவற்றில் பிறகே இடம் பிடித்தார்கள். வடக்கு தெற்காகப் போவது இங்கே எளிதாகவும், கிழக்கு மேற்காகக் கடப்பது கடினமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. 1806இல் பேசில் காக்ரேன் நகரிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் உப்பும் விறகும் சுமந்தது. பின்னர் நீட்டிக்கப்பட்டு 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்ற பெயரைப் பெற்றது. அடுத்தடுத்து வந்த இருப்புப்பாதையும் சாலையும் ஏறக்குறைய அதே திசையில், கடலுக்கு இணையாகவே ஓடின.

இதற்கு ஒரே பெரிய விதிவிலக்கு ராயபுரம் ரயில் நிலையம். மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் முதல் பாதை இங்கிருந்து மேற்கு நோக்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாலாஜா ரோடு வரை சென்றது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதைத் தொடங்கிவைத்தார். அன்று ஒரு வண்டி வாலாஜா ரோட்டுக்கும் மற்றொன்று திருவள்ளூருக்கும் புறப்பட்டன. ஜூலை 1 முதல் பொதுமக்கள் பயணம் செய்தார்கள். 1837லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரயில்பாதை இருந்ததைச் சுட்டிக்காட்டி ராயபுரத்தின் முதன்மையை மறுப்பவர்கள் உண்டு. ஆனால் அது சாலை போடக் கல் ஏற்றிவந்த பாதை. தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் புறப்பட்ட இடம் ராயபுரம்தான். கொரிந்தியத் தூண்கள் தாங்கும் இக்கட்டடத்தை வடிவமைத்தவர் டிரேசி. பம்பாயின் போரிபந்தரிலும் ஹௌராவிலும் முதலில் எழுந்த கட்டடங்கள் இன்று இல்லாததால், நாட்டில் நிலைத்திருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமையும் இதற்கே உரியது. அந்தப் பெருமைக்கேற்ற பராமரிப்பு அதற்கு எப்போதும் கிடைத்துவிடவில்லை, 2005இல்தான் செப்பனிடப்பட்டது.

தொடக்கத்திலேயே பயணியர் வண்டி ஓடிய வட்டாரத்தைச் சரக்குக்கு உரியது என்பது சரியா என்று கேட்கலாம். 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்ட பிறகு பயணியர் முனையம் படிப்படியாக அங்கே போய்விட்டது என்பதே அதற்கு விடை. ரயில்வேயின் தலைமை அலுவலகம் 1922 வரை ராயபுரத்தில் நீடித்தது. பிறகு அதுவும் சென்றது. துறைமுகத்தை நம்பிய சரக்குப் போக்குவரத்து மட்டும் நிலைத்தது. 1899இல் விஜயவாடாவுடன் சென்னையை இணைத்த வடக்குப் பாதையில் ஆட்கள் ஏறி இறங்கும் நிலையங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றில் ஒன்றான விம்கோ நகர் பெயர் பெற்றதே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையால்தான். தொழிலாளிக்காக ரயில் நின்றதும் ஆலையை முன்னிட்டே.

இன்று வருவோர் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் மாறாமலே விம்கோ நகர் வரை வரலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. திருவொற்றியூரின் தியாகராஜர், வடிவுடையம்மன் கோயிலுக்குத் தேரடி நிலையத்தில் இறங்க வேண்டும். மெட்ரோ வந்தபின் பழைய குறை தீர்ந்துவிட்டது என்பது மிகையான கூற்று. அது ராயபுரத்தையும் தொடவில்லை, எண்ணூரையும் எட்டவில்லை. திசையும் அதே வடக்கு தெற்குதான். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயில்கள் பேசின் பிரிட்ஜ் வழியாகப் போவதால் ராயபுரத்தைக் காண்பதில்லை. பழைய நிலையத்தைப் பார்க்க விரும்புவோர் கடற்கரை நிலையத்தில் ஏற வேண்டும். காசிமேட்டுக்கு ஆட்டோதான் வசதி.

குறுக்கே கடப்பதுதான் இன்னும் பாடு. சரக்கு ரயிலுக்காக மூடிய கேட்டின் முன் நிற்பது கொருக்குப்பேட்டை மக்களின் நெடுநாள் அவதி. கடலோர எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட் நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும்போது பேருந்தும் இருசக்கர வாகனமும் ஓரத்தில் ஒடுங்குகின்றன. துறைமுகம் இருக்கும் இடத்தில் லாரி இருக்கத்தானே செய்யும் என்பார்கள். இருக்கட்டும், ஆனால் அதே சாலைதான் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மீன் விற்கச் செல்லும் பெண்களுக்கும் வழி. லாரிக்கெனத் தனி வழி விடாமல் ஒரே தடத்தில் இருவரையும் விட்டது திட்டமிட்டவர்களின் பிழை. நிலத்தின் மேல் பழி போட முடியாது. எண்ணூர் செல்வோர் இந்த நெரிசலைத் தவிர்க்க விம்கோ நகரில் மெட்ரோவிலிருந்து இறங்கி, அருகிலுள்ள ரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிப்பது நல்லது. கத்திவாக்கத்துக்கு அடுத்த நிலையம் எண்ணூர்.