விசைப்பலகையில் தமிழ்

ஈப்போவை அடுத்த தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருக்கின்றேன். கித்தா மரங்கள் அழிந்து செம்பனை எழுந்துவிட்ட தோட்டம் அது. எங்கள் பள்ளிக்கு நன்கொடையாகப் பழங்கணினி ஒன்று வந்தது. அதன் விசைப்பலகையில் ஆங்கிலமும் ஜப்பானிய எழுத்துகளும் பொறித்திருந்தன. சில விசைகள் அழுந்தவே இல்லை. அதனைக் கண்ட மாணவி ஒருத்தி, "இதில் தமிழ் எழுத முடியாதா, ஐயா?" என்று வினவினாள். விடைகூறச் சற்றுப் பழைய வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையா, இளமையில் மலாயாவுக்கு வந்து, பின் சிங்கப்பூரில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி ஒன்று காணவேண்டும் என்னும் வேட்கை அவருக்கு உண்டாயிற்று. ஆங்கிலத்துக்கு எழுத்துகள் இருபத்தாறே, தமிழுக்கோ 247. ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் அவற்றை அடக்குவது எங்ஙனம்? அவர் எழுத்துகளைப் பொதுவான உறுப்புகளாகப் பகுத்தார். புள்ளி முதலிய மேற்குறிகளுக்கு நகரா விசைகளை அமைத்தார். அவ்விசையைத் தட்டினால் குறி தாளிற் பதியும், தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியோடு சேர்ந்து அமரும். ஜெர்மனி நாட்டுச் சைடல் நௌமான் தொழிற்சாலை அப்பொறியைச் செய்தளித்தது.

அரிய சாதனையே இது. ஆயினும் இரும்பின் கட்டுப்பாடு இரண்டு இடர்களைத் தந்தது. ஓர் அச்சுக்கை முறிந்தால் அதிலுள்ள எழுத்து பொறியைவிட்டே போயிற்று. மேலும், 'க்' என்பதற்குப் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னரும் தட்டவேண்டியிருந்தது. கையால் எழுதும் முறைக்கு இது நேர்மாறு.

கணினியில் இவ்விரு இடர்களும் இல்லை. விசை அனுப்புவது எண்ணை மட்டுமே. அவ்வெண் எவ்வெழுத்தாகும் என்பதை மென்பொருள் முடிவுசெய்கின்றது. சென்னையில் 1999-ஆம் ஆண்டு நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு அவ்வாண்டே தமிழ்99 என்னும் விசைமுறையை ஏற்றது. அதில் உயிர் பன்னிரண்டும் இடப்பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ககரத்தின்பின் இகரத்தைத் தட்டினால் 'கி' ஆகும். ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே விழும். 'அக்கா' என்று எழுத அ, க, க, ஆ என நான்கு தட்டல்களே போதும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆதலைப் பிள்ளை விரலாலேயே கற்கின்றது.

நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்களின் 'முரசு அஞ்சல்' வழியாக, ஆங்கில ஒலிப்புமுறையில் தமிழ் எழுதப் பழகியோர் பலர். ஆங்கிலம் அறிந்த பெரியோருக்கு அம்முறை எளிதே. ஆனால், அகர வரிசையை இப்பொழுதுதான் கற்கும் பிள்ளைக்கு ஒலிக்கும் தமிழெழுத்துக்கும் இடையே வேற்றெழுத்தை நிறுத்துதல் தகாது என்பது என் கருத்து.

அப்பழைய பலகையைக் கழற்றித் தூசு துடைத்தோம், பயனில்லை. குறைந்த விலையில் ஆங்கிலப் பலகை ஒன்றை வாங்கிப் பொருத்தி, கணினியின் அமைப்பில் தமிழ்99 முறையைத் தெரிவுசெய்தோம். மாணவர்கள் ஒட்டுத்தாளில் தமிழெழுத்துகளைத் தம் கையால் எழுதி விசைகளின்மேல் ஒட்டினர். வினவிய மாணவி முதலில் தட்டியது தன் பெயரை.

ஆசிரியப் பெருமக்கள் தத்தம் பள்ளிகளில் இதனைச் செய்து பார்ப்பார்களாக. செலவு சிறிது, பயனோ பெரிது.