வருகைப் பதிவேடும் பனியன் தொழிலும்: திருப்பூர் வட்டாரத்தில் பள்ளி வருகைப் பொறுப்பின் வரலாறு (1920 – 2021)

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிக்கு வராத குழந்தைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்ற வினாவுக்குத் தமிழகத்தில் இயற்றப்பட்ட சட்டங்கள் காலந்தோறும் வெவ்வேறு விடை தந்துள்ளன. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் முதல், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது வரையிலான அவ்விடைகளைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் அமைப்போடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வருகைப் பொறுப்பு வாழிடத்தோடு கட்டப்பட்டிருக்க, குழந்தையின் நாளைத் தீர்மானித்ததோ தொழிலிடம் என்பதும், மாற்றுக் கல்வி நெடுங்காலம் பள்ளிப் பதிவேட்டுக்கு வெளியே நடந்தது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பள்ளி வருகை, மாற்றுக் கல்வி, உள்ளாட்சி, பின்னலாடைத் தொழில், கைமடி, குழந்தைத் தொழிலாளர்.

முன்னுரை

திருப்பூரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முதலாளியைப் பற்றியவை. உழவுக் குடும்பத்திலிருந்து வந்து தொழிலாளியாகத் தொடங்கிப் பனியன் கம்பெனி உரிமையாளராக உயர்ந்தவர்களின் கதையை ஷரத் சாரி விரிவாக எழுதியுள்ளார். ஒரு நிறுவனம் வளரும்போது பெரிதாகாமல் பல சிறு கூறுகளாகப் பிரிந்து பெருகுவதை அமீபாவுக்கு ஒப்பிட்டுக் காட்டியவர் பமேலா காத்தோர்ன். இவ்விரு விளக்கங்களும் தொழிலின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை. எனினும், அந்தச் சிறு கூறுகளில் வேலை செய்த குழந்தையின் பெயர் எந்தப் பள்ளியின் பதிவேட்டில் இருந்தது, அது எப்போது நீக்கப்பட்டது, நீக்கியதைக் கேட்க யாருக்குக் கடமை இருந்தது என்ற வினாக்கள் கல்வி வரலாற்றுக்கு உரியவை. அவற்றைத் தொழில் வரலாறு தொடவில்லை. கல்வி வரலாறும் போதிய அளவு தொடவில்லை என்றே கூற வேண்டும்.

உள்ளாட்சியின் அதிகாரமும் பெற்றோரின் கடமையும்

திருப்பூர் நகராட்சி 1917இல் அமைந்தது. மூன்றாண்டுகளில் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், 1920 நிறைவேறியது. உள்ளாட்சி அமைப்புகள் கல்விக்கென வரி விதிக்கவும், அரசின் ஒப்புதலோடு தத்தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் இச்சட்டம் வழி செய்தது. இதில் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. கட்டாயத்தைக் கொண்டுவருவது உள்ளாட்சியின் விருப்புரிமை. கொண்டுவந்த பின் குழந்தையை அனுப்புவது பெற்றோரின் கடமை. அனுப்பத் தவறினால் சட்டத்தின் முன் நிற்க வேண்டியவர் பெற்றோரே. குழந்தையை வேலைக்கு வைத்தவரைப் பற்றிய சட்டம் வேறோர் ஏட்டில் இருந்தது. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வேலைக்கான குறைந்த வயதை 7 என வைத்தது. 1891இல் அது 9 ஆகவும், 1922இல் 12 ஆகவும், 1948இல் 14 ஆகவும் உயர்ந்தது. கல்விச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் ஒரே குழந்தையைப் பற்றிப் பேசின. ஆனால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் நிலை இதற்கு மாறானது. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலையில் வேலை செய்யும் சிறுவருக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரப் படிப்பை விதித்தது. 1844இல் அரைநாள் வேலை, அரைநாள் பள்ளி என்ற முறை வந்தது. ஆசிரியர் தரும் வருகைச் சான்றிதழை ஆலை முதலாளி வைத்திருக்க வேண்டும். எழுதத் தெரியாத ‘ஆசிரியர்கள்’ கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் இட்டுச் சான்று வழங்கியதை ஆய்வாளர்களின் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. அரைநேர முறை 1918ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அம்முறை போற்றத்தக்கது அன்று. ஆயினும் வருகைத் தாள் முதலாளியின் மேசையில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு நம் நாட்டில் வேர்கொள்ளவில்லை என்பது நம் பொருளுக்கு முக்கியமானது.

1953இல் இராஜாஜி அரசு ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என எதிர்க்கப்பட்ட அது 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அரைநாள் பள்ளி என்ற கருத்துக்குத் தமிழக அரசியலில் இனி இடமில்லை என்பதை அந்த எதிர்ப்பு உறுதி செய்தது. தொடர்ந்து 1956இன் மதிய உணவும் 1982இன் சத்துணவும் வருகையைத் தண்டத்தால் அன்றி உணவால் ஈர்த்தன. தமிழகத்தின் சேர்க்கை உயர்ந்ததற்குக் கட்டாயச் சட்டங்களைவிட இவையே காரணம் எனலாம்.

இடையில் மற்றொரு மாற்றம் அதிகம் பேசப்படாமல் நிகழ்ந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 சூன் முதல் அரசு ஊழியர்களாயினர். ஆசிரியர் நலனுக்கு இது பெரும் பேறு. ஆனால் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகை நின்றது. ஆசிரியரைக் கேட்கும் உரிமை ஒன்றியத்தை விட்டு நீங்கியது. பின்னாளில் வருகைப் பொறுப்பு உள்ளாட்சிக்குத் திரும்ப வந்தபோது இதன் விளைவு புலப்பட்டது.

கைமடி: பதிவேட்டில் இல்லாத வேலை

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1925ஐ ஒட்டித் தொடங்கியதாகக் கூறப்படும். அரை நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டுச் சந்தைக்கே பனியன்கள் தைக்கப்பட்டன. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வருகையோடு ஏற்றுமதி தொடங்கி, 1980களின் நடுவிலிருந்து பெருகியது. ஏற்றுமதி என்பது நாள் குறித்த வேலை. சரக்குக் கப்பலேறும் நாள் நெருங்கும்போது ‘ஒன்றரை ஷிப்டு’ என்பது வழக்கமாயிற்று. அதாவது பன்னிரண்டு மணி நேரம்.

இத்தொழிலில் குழந்தைக்கு வாய்த்த இடத்துக்குத் திருப்பூரில் ‘கைமடி’ என்று பெயர். ஓவர்லாக், பேட்லாக் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் டெய்லருக்குத் துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்து வருவனவற்றை மடித்து அடுக்குவது கைமடியின் வேலை. பிசிர் வெட்டுதல் அடுத்த படி. பீஸ் ரேட்டில் கூலி பெறும் டெய்லரின் வருமானம் கைமடியின் விரைவைப் பொறுத்தது. பல இடங்களில் கைமடிக்குக் கூலி கொடுத்தவர் கம்பெனி முதலாளி அல்லர். டெய்லர் அல்லது ஒப்பந்தக்காரர். சில வேளைகளில் அந்த டெய்லர் குழந்தையின் தாயாகவோ தமையனாகவோ இருந்தார். கம்பெனியின் சம்பளப் பதிவேட்டில் அக்குழந்தைக்குப் பெயர் இல்லை.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. மின்விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறைந்தால் தொழிற்சாலைச் சட்டத்தின் பொதுவரையறை எட்டாது. அமீபாவைப் போலப் பிரிந்த கூறுகள் பலவும் இவ்வரையறைக்குக் கீழே நின்றன. குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம், 1986 தன் பட்டியலில் துணிக்குச் சாயமிடுதல், அச்சிடுதல், நெசவு ஆகியவற்றைத் தடைசெய்தது. பின்னலாடை உற்பத்தி பின்னர்தான் அப்பட்டியலில் சேர்ந்தது. குடும்பத்தார் உதவியோடு நடத்தப்படும் பட்டறைக்கு அத்தடை பொருந்தாது என்ற விலக்கும் இருந்தது. வீட்டுத் திண்ணையில் இரண்டு பவர் டேபிள் போட்டுச் ‘சாப் ஒர்க்’ எடுத்தவர்க்கு இவ்விலக்கு போதுமானதாயிற்று.

1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சிவகாசியை முன்னிட்டு எழுந்தது. பொருளில் அது நாடு முழுமைக்குமானது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்ற பகுதியே பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆபத்தற்ற தொழிலில் உள்ள குழந்தைக்கு வேலை நேரம் நான்கு முதல் ஆறு மணிக்கு மேற்படாமலும், நாள்தோறும் இரண்டு மணி நேரக் கல்வி முதலாளியின் செலவில் கிடைக்குமாறும் பார்க்க வேண்டும் என்ற பகுதியை ஆய்வாளர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 1833இன் இலங்காசயர் ஆலை விதியை அது அப்படியே நினைவூட்டுகிறது. 1954இல் தமிழகம் மறுத்த அரைநேரக் கல்வி, நல்லெண்ணத்தின் வழியாகவே மீண்டும் வாசலுக்கு வந்தது.

இரண்டு துறைகள், இரண்டு பதிவேடுகள்

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சங்கம் சிறப்புப் பள்ளிகளை நடத்தும். 9 முதல் 14 வயதினர்க்கு அடிப்படைக் கல்வி, உணவு, தொழிற்பயிற்சி, மாதம் சிறு உதவித்தொகை. திருப்பூர் அன்று அடங்கியிருந்த கோயம்புத்தூர் மாவட்டத்துக்கும் 1990களில் இத்திட்டம் வந்தது. 1993இல் திருப்பூரில் தொடங்கிய ‘சேவ்’ போன்ற தொண்டு நிறுவனங்களும் மாற்றுக் கல்வியில் ஈடுபட்டன. 2001க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கம் இணைப்புப் பயிற்சி மையங்களைத் திறந்ததோடு, கிராமக் கல்விப் பதிவேட்டையும் நடைமுறைப்படுத்தியது.

அக்காலத்தின் உலகச் சூழலையும் மறத்தலாகாது. அமெரிக்காவில் செனட்டர் ஹார்கின் 1992இல் முன்வைத்த மசோதா, குழந்தை உழைப்பால் ஆன பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க முயன்றது. அதன் அச்சத்தில் வங்கதேச ஆடைத்துறையில் குழந்தைகள் பெருமளவில் வெளியேற்றப்பட்டனர். 1995இல் அங்கு ஏற்றுமதியாளர் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் ஒப்பந்தம் செய்து, பள்ளி இடம் உறுதியாகும் வரை குழந்தையை நீக்கக்கூடாது என முடிவு செய்தன. வேலை நீக்கத்தையும் பள்ளிச் சேர்க்கையையும் ஒரே தாளில் எழுதியதே அவ்வொப்பந்தத்தின் புதுமை.

நம் சிறப்புப் பள்ளிகள் பல குழந்தைகளை மீட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை தொழிலாளர் துறையின் கீழ் இருந்தன. அங்குப் படித்த குழந்தை, முறைசார் பள்ளியில் ‘இடைநின்றவர்’. சிறப்புப் பள்ளியில் ‘மீட்கப்பட்டவர்’. பள்ளியோ, பெயரை நீக்கியதும் தன் வருகை விழுக்காட்டில் உயர்ந்தது. நூறு பெயரில் எண்பது பேர் வந்தால் எண்பது விழுக்காடு. வராத இருபது பெயரை நீக்கினால் நூறு விழுக்காடு. ஆசிரியரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கணக்கின் அமைப்பே அத்தகையது.

கட்டாயக் கல்வி நடைமுறைப்படுத்தப்படாததே குழந்தை உழைப்பு நீடிக்கக் காரணம் என மைரன் வீனர் 1991இல் வாதிட்டார். தமிழ்நாடு 1994இல் தனக்கெனக் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றியது. அதிலும் கடமை பெற்றோர்க்கே. வீனரின் வாதம் அரசின் மனப்போக்கை விளக்குகிறது. திருப்பூரில் நாம் காண்பது மனப்போக்கைக் காட்டிலும் பொறுப்பாளர் இன்மை.

2009க்குப் பின்

குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது திருப்பூர் மாநகராட்சிக்கு இரண்டு வயது, மாவட்டத்துக்கு ஒரு வயது. ‘கட்டாயம்’ என்ற சொல்லின் திசையையே அச்சட்டம் மாற்றியது. எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குழந்தையின் சேர்க்கை, வருகை, கல்வி நிறைவு ஆகியவற்றை உறுதி செய்வதும் கண்காணிப்பதும், 14 வயது வரையுள்ளோரின் பதிவேட்டைப் பேணுவதும், புலம்பெயர் குடும்பக் குழந்தைகளைச் சேர்ப்பதும் பிரிவு 9இன்படி உள்ளாட்சியின் கடமைகள். பிரிவு 4 மாற்றுக் கல்வியைப் பள்ளிக்கு உள்ளே கொண்டுவந்தது: குழந்தை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படும், சிறப்புப் பயிற்சி அதன் பின் வரும். சட்டத்தின் மிக நல்ல பகுதி இதுவே என்பது என் துணிபு.

எனினும் ‘உள்ளாட்சி’ என்பதற்குப் பிரிவு 2 தரும் விளக்கம், மாநகராட்சியையும் ஊராட்சியையும் கூறிவிட்டு, பள்ளியின் மீது நிர்வாகக் கட்டுப்பாடு கொண்ட பிற அமைப்பையும் சேர்த்துக்கொள்கிறது. வாழிடத்துக்குப் பொறுப்பானவரும் ஆசிரியருக்குப் பொறுப்பானவரும் வேறு வேறாக உள்ள தமிழகத்தில் இக்கடமை இருவரிடமும் உள்ளது. ஆகவே இருவரிடமும் இல்லை.

வராமையின் அளவுகோலும் சிக்கலானது. முன்னறிவிப்பின்றி 45 நாள் அல்லது அதற்கு மேல் வராதவர் பள்ளி செல்லாக் குழந்தை என்பது நடுவண் கல்வித் துறையின் வரையறை. பின்னலாடை வேலையோ ஆர்டரோடு வந்து ஆர்டரோடு போவது. வாரத்தில் இரண்டு நாள் கைமடிக்குப் போகும் குழந்தை 45 நாள் தொடர்ந்து வராமலிருப்பதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பிந்தித் திரும்பும் குடும்பத்தின் குழந்தையும் அவ்வாறே. ஆண்டு முழுதும் படிப்பை இழந்தும் அவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்குவதில்லை. தென் மாவட்டங்களிலிருந்து வந்தோரைத் தொடர்ந்து பீகார், ஒடிசா, சார்க்கண்டு போன்ற மாநிலத்தார் வந்தபோது, முந்தைய பள்ளியின் பதிவேட்டைத் தொடர்ந்து பார்க்கும் வழி இன்னும் அரிதாயிற்று. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் எல்லாப் பள்ளியிலும் கட்டாயப் பாடம். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பத்து வயதுக் குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சி என்பது முதலில் மொழிப் பயிற்சியே.

2016ஆம் ஆண்டின் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரின் வேலையை முற்றிலும் தடை செய்தது. ஆனால், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறையிலும் உதவலாம் என்றது. இதன் பொருளைக் கல்வித்துறை முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு பட்டறையில் காணப்படும் குழந்தை சட்டத்தை மீறியதா இல்லையா என்பதை அறிய, அன்று பள்ளி நடந்ததா, அக்குழந்தை வந்திருந்ததா என்று பார்க்க வேண்டியுள்ளது. வகுப்பாசிரியர் காலையில் குறிக்கும் வருகை இப்போது தொழிலாளர் சட்டத்தின் சான்றாவணமும் ஆகிவிட்டது. தொழிலாளர் ஆய்வாளர் அதனைக் கேட்டுப் பெறுவதற்கான நடைமுறையோ, ஆசிரியர் தொடர் வராமையை அவருக்குத் தெரிவிக்கும் கடமையோ அத்திருத்தத்தில் இல்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வருகை என்ற கருத்தே சில காலம் பொருளிழந்தது. மறு ஆண்டு ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகளைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியோடு இணைக்கப்பட்டது. இருவேறு துறைகளின் பதிவேடுகள் ஒன்றாக வேண்டும் என்ற வகையில் இவ்விணைப்பு சரியானதே. சிறப்புப் பள்ளிகளின் சேர்க்கை ஏடுகள் வேறெங்கும் கிடைக்காத செய்திகளைத் தாங்கியவை: குழந்தை எந்த ஊரிலிருந்து வந்தது, எவ்வகுப்பில் நின்றது, எவ்வேலையிலிருந்து மீட்கப்பட்டது. சங்க அலுவலகங்களின் இரும்பு அலமாரிகளில் உள்ள அவ்வேடுகளைப் பெயர் மறைத்து எண்ணிமப்படுத்தி ஆவணக் காப்பகத்தில் சேர்த்தால், 1990களின் திருப்பூரைக் கைமடியின் பக்கத்திலிருந்து எழுத முடியும். அப்பணிக்கு வட்டாரப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் காலம் தாழ்த்தாது மாவட்ட நிர்வாகத்தை அணுக வேண்டும்.