உயிர்மருத்துவப் பொறியியல் உயர்கல்வி

உடலின் இயக்கத்தைப் பொறியியல் முறைகளால் ஆராய்ந்து மருத்துவக் கருவிகளை உருவாக்கும் உயிர்மருத்துவப் பொறியியலில், இந்திய ஆராய்ச்சிக்குத் தக்க சான்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு ஆகும். இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிப்பதால், வால்வின் தேய்மானமும், குருதியை உறையவிடாத பண்பாகிய குருதி ஒவ்வுமையும் கடுஞ்சோதனைக்கு உள்ளாகின்றன. அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவரும் பொறியாளரும் கூடி உழைத்தும் முந்தைய மாதிரிகள் கைவிடப்பட, உலோகச் சட்டத்துள் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் வட்டுடைய நான்காம் மாதிரியே தேறி, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அத்தோல்விகளே சிறந்த பாடநூல் எனலாம். இந்நிறுவனமும் சென்னை ஐஐடியும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய கிளினிக்கல் பொறியியல் எம்.டெக். படிப்பை நடத்தி வந்துள்ளன.