முழங்காலும் காலமும்: ஐஸ் ஹாக்கிக்குத் திரும்பிய இருவர்

1978 நவம்பரில் பாபி ஓர் ஐஸ் ஹாக்கியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தபோது அவருக்கு வயது 30. 2001 ஏப்ரலில் பாவெல் புரே அந்தப் பருவத்தின் 59 கோல்களோடு தேசிய ஹாக்கி லீகின் முதன்மைக் கோல் வீரராக நின்றபோது அவருக்கும் வயது 30. இருவரும் தத்தம் தலைமுறையின் மிக வேகமான சறுக்கு வீரர்களுள் வைத்து எண்ணப்பட்டவர்கள். இருவருக்கும் முழங்கால் பழுதுபட்டது. இருவரும் அறுவை சிகிச்சைக்குப் பின் களம் திரும்பினர். ஒருவரால் நிலைக்க முடியவில்லை, மற்றவரால் முடிந்தது. இந்த வேறுபாட்டை மனவுறுதி, அதிர்ஷ்டம் ஆகிய சொற்களால் விளக்குவது விளையாட்டு எழுத்தின் நெடுநாள் வழக்கம். மருத்துவ வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அவ்விளக்கம் போதாது என்பது புலப்படும்.

முழங்காலின் நடுவே இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. அவ்வமைப்பினால் அவற்றுக்குச் சிலுவைத் தசைநார்கள் என்று பெயர். அவற்றுள் முன்புறத் தசைநார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் திருகாமலும் காக்கிறது. நேராக நடப்பவருக்கு அது இல்லாத குறை பெரிதாகத் தெரியாமல் போகலாம். பனித்தளத்தில் மெல்லிய இரும்பு அலகின் மீது உடலைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, கணப்பொழுதில் திசை மாற்றுபவருக்கோ அந்தக் குறை ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியும்.

இத்தசைநாரைச் சீர்செய்யும் முயற்சி விளையாட்டு வீரரிடமிருந்து தொடங்கவில்லை. 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்தர் மேயோ ராப்சன் என்னும் அறுவை மருத்துவர், சுரங்க விபத்தில் காயமுற்ற 41 வயதுத் தொழிலாளி ஒருவரின் சிலுவைத் தசைநார்களைத் தைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அத்தொழிலாளி நொண்டாமல் நடந்தார். எனினும் கிழிந்த நாரைத் தைப்பது நம்பகமான வழியாக அமையவில்லை. மூட்டுத் திரவத்தின் நடுவே கிடக்கும் அந்த நாரின் கிழிந்த முனைகள் எளிதில் ஒட்டுவதில்லை. ஆகவே 1917-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத் திசுவிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதன் வழியே செலுத்திப் புதிய தசைநாராகப் பொருத்தினார். பழையதை ஒட்டவைப்பதற்கு மாறாகப் புதியதை அமைப்பது என்ற இன்றைய அறுவையின் அடிப்படைக் கருத்து அவருடைய முறையிலேயே உண்டு. ஆயினும் அது பரவலாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் வாழ்ந்தவர் ஓர். 1966-இல், 18 வயதில், பாஸ்டன் அணிக்கு ஆட வந்த அவர் முதல் பருவத்திலேயே முழங்காலில் காயமுற்றார். அதன்பின் இடது முழங்காலில் அறுவைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. அக்கால முறை இதுதான்: மூட்டை அகலத் திறப்பது, கிழிந்த குருத்தெலும்புத் தட்டை அகற்றுவது, காலை வாரக்கணக்கில் மாவுக்கட்டில் வைப்பது. கட்டைப் பிரிக்கும்போது தொடைத் தசை மெலிந்திருக்கும். அகற்றப்பட்ட தட்டு மூட்டின் சுமையைப் பகிர்ந்து தாங்கும் உறுப்பு; அதை இழந்த மூட்டு விரைவில் தேய்ந்துவிடும். அகற்றியபின் மூட்டில் தோன்றும் மாற்றங்களை ஃபேர்பேங்க் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1948-இலேயே பதிவு செய்திருந்தார். ஓர் பிறந்த ஆண்டும் அதுவே. ஓர் தட்டையும் தேய்மானத்தையும் பற்றிய எச்சரிக்கை அவர் வாழ்நாள் முழுதும் அச்சில் இருந்தது. அறுவைக் கூடத்தின் வழக்கம் மாறுவதற்குள் அவருடைய ஆட்டவாழ்வு முடிந்துவிட்டது.

ஆயினும் அவர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். தற்காப்பு வீரராக இருந்தும் 1970, 1975 ஆகிய இரு பருவங்களில் லீகின் மொத்தப் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். 1970, 1972 ஆண்டுகளில் பாஸ்டன் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1972 கோப்பைக்குப் பின் மீண்டும் அறுவை. அதனால் அவ்வாண்டு செப்டம்பரில் சோவியத் அணிக்கு எதிராகக் கனடா ஆடிய புகழ்பெற்ற தொடரில் அவரால் களமிறங்க இயலவில்லை. 1975–76 பருவத்தில் ஆடியவை 10 ஆட்டங்களே. 1976-இல் கனடா கோப்பைப் போட்டியில் நைந்த முழங்காலோடு ஆடித் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அதன்பின் சிகாகோ அணிக்காக அவரால் ஆட முடிந்தவை மூன்று பருவங்களில் மொத்தம் 26 ஆட்டங்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. மூட்டைத் திறக்காமல் சிறு துளை வழியே உட்பார்க்கும் கருவி அப்போதே இருந்தது. 1918-இல் டோக்கியோவில் தகாகி கெஞ்சி தொடங்கிய முயற்சியை அவர் மாணவர் வதனபே மசாகி நடைமுறைக் கருவியாக வளர்த்திருந்தார். 1964-இல் டோக்கியோ சென்ற ராபர்ட் ஜாக்சன் என்னும் கனடிய மருத்துவர் வதனபேயிடம் அதைக் கற்று டொரண்டோவுக்குக் கொண்டுவந்தார். ஐஸ் ஹாக்கியின் தலைநகரம் போன்ற அந்நகரில், ஓர் தமது முதல் லீக் ஆட்டத்தை ஆடுமுன்னரே அக்கருவி வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு கருவி வந்து சேர்வதற்கும் வழக்கமாவதற்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் கழிந்தது. உள்நோக்கி வழியே சிலுவைத் தசைநாரைப் புதிதாக அமைக்கும் அறுவையை இங்கிலாந்தின் டேவிட் டான்டி செய்தது 1980-இல். அதற்கு முந்தைய ஆண்டே ஓர் ஹாக்கிப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டிருந்தார்.

அறுவை மாறியது போலவே அதன்பின் வரும் நாள்களும் மாறின. இண்டியானாபொலிஸ் நகர மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் 1980-களில் ஒன்றைக் கவனித்தார். காலை அசைக்கக் கூடாது என்ற கட்டளையை மீறிய நோயாளிகள், கீழ்ப்படிந்தவர்களைவிட விரைவாகத் தேறினர். அவர்களுடைய புதிய தசைநாரும் தளரவில்லை. அந்தக் கீழ்ப்படியாமையையே அவரும் உடற்பயிற்சி மருத்துவர் பால் நிட்ஸும் முறையான சிகிச்சையாக வகுத்து 1990-இல் வெளியிட்டனர். மாவுக்கட்டின் காலம் அத்தோடு முடிவுக்கு வரத் தொடங்கியது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 நவம்பரில், வான்கூவர் அணியின் புரேக்கு முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிந்தது. அதற்கு முன் அடுத்தடுத்த இரு பருவங்களில் 60 கோல்கள் வீதம் அடித்தவர் அவர். எஞ்சிய பருவம் முழுவதையும் இழந்து, அடுத்த ஆண்டு திரும்பியபோது 63 ஆட்டங்களில் 23 கோல்களே கிடைத்தன. அவர் காலம் முடிந்தது என்று எண்ண அப்போது இடமிருந்தது. 1997–98-இல் 51 கோல்கள். 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் பின்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்கள். 1999-இல் மீண்டும் முழங்கால் காயம், மீண்டும் அறுவை. அடுத்த இரு பருவங்களில் 58, 59 கோல்கள். ஆனால் அதுவும் நிலையான மீட்சியன்று. 2003-க்குப் பின் அவரால் லீகில் ஆட இயலவில்லை. 2005-இல், 34 வயதில், ஓய்வை அறிவித்தார்.

புரேயின் 23 கோல் பருவத்தைத் தோல்வி என்று வாசிப்பது எளிது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலிருந்து எடுத்துப் பொருத்தப்படும் ஒட்டு, முதலில் தன் உயிரணுக்களை இழந்து, பின் புதிய குருதி நாளங்களைப் பெற்று, மெல்ல மெல்லத் தசைநாரின் இயல்பை அடைகிறது. எந்த மனவுறுதியாலும் அந்தக் காலத்தைச் சுருக்க இயலாது. 2016-இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு, திருப்பங்கள் மிகுந்த விளையாட்டுகளுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய விகிதம் 51 விழுக்காடு குறைவதைக் காட்டியது. 1895 முதல் நடந்தது மருத்துவம் வேகம் பெற்ற கதை மட்டுமன்று. எதில் விரைவது, எதில் காத்திருப்பது என்று அது பிரித்தறிந்த கதையும்கூட. அசைவை விரைவுபடுத்தலாம், ஆட்டத்தை விரைவுபடுத்தலாகாது.

ஓர் சிகாகோவில் ஆட இயலாத காலத்துக்கான ஊதியக் காசோலைகளை மாற்றவில்லை என்று கூறப்படுவதுண்டு. ஆடாமல் பெறும் பணம் தமக்குரியதன்று என்பது அவர் நிலைப்பாடு. அவரைப் பற்றிப் பேசுவோர் இதை நற்பண்பின் சான்றாகச் சொல்வர். அது நற்பண்புதான். ஆனால் தம் முழங்காலின் கணக்கை அவர் தம் பெயரிலேயே எழுதிக்கொண்டார் என்பதும் அதில் தெரிகிறது. அந்தக் கணக்கில் பெரும்பகுதி அவருடையதன்று. அவர் பிறந்த காலத்துடையது.