வெந்நீரில் மூழ்கி எழும் ரொட்டி

போலந்தின் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த யூதச் சமூகம் 1610-இல் தனக்கென்று எழுதிவைத்த விதிகளில் பேகல் என்னும் வளைய ரொட்டிக்கு ஓரிடம் உண்டு. ஆடம்பரத்துக்கு வரம்பு கட்டிய அந்த விதிகள், குழந்தை பிறந்ததையொட்டிக் கொடுக்கப்படும் பண்டமாக அதைக் குறிப்பிடுகின்றன. வியன்னா போரில் வென்ற போலந்து மன்னர் யான் சோபியெஸ்கியின் குதிரை அங்கவடியைப் பார்த்து ஒரு ரொட்டிக்காரர் பேகலைச் செய்தார் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அந்தப் போர் நடந்ததோ 1683-இல். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பேகல் ஏட்டில் ஏறிவிட்டது.

பேகலுக்கு மூத்த உறவு ஒன்றும் அதே ஊரில் இருக்கிறது. மாவுத் திரிகளை முறுக்கி வளையமாக்கி, கொதிநீரில் போட்டெடுத்துச் சுடும் ஒப்வஷானெக். அரசி யாத்விகாவின் அரண்மனைக் கணக்கில் 1394-லேயே அதன் பெயர் வருகிறது. கிராக்கோவ் தெருக்களில் இன்றைக்கும் தள்ளுவண்டியில் வைத்து விற்கிறார்கள். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதலில் வேகவைத்து, பிறகு சுடுவது என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான குலவழக்கம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலப் போலந்தில் ஏழைகளின் அன்றாடச் சோறு ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி. தவிடும் நார்ச்சத்தும் நிறைந்த, புளித்த, கனமான ரொட்டி. சலித்த வெள்ளைக் கோதுமை மாவு விலை கூடியது. நல்ல நாளுக்கும் விசேஷத்துக்கும் உரியது. பேகல் அந்த வெள்ளை மாவில் பிறந்தது. அன்றாடம் கறுப்பு ரொட்டி, எப்போதாவது வெள்ளைப் பேகல் என்றிருந்தவரை நார்ச்சத்துக்குக் குறைவில்லை. பேகலின் பின்னாளைய பயணம் முழுவதும் இந்தச் சமன் குலைந்த கதைதான். வீட்டில் முழுத் தானியப் பேகல் செய்பவர்கள் அதைத்தான் மீண்டும் நிமிர்த்துகிறார்கள்.

1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதையடுத்து யூதர்கள் மீது வன்முறை வெடித்தது. வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி, 1924-இல் அமெரிக்கா குடியேற்றத்தை இறுக்கும்வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ இருபது லட்சம் யூதர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பேகலும் கூடவே கப்பலேறியது. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் கட்டடங்களின் நிலவறைகளில் அடுப்புகள் மூண்டன. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வேலை செய்தவர்கள் வெற்றுடம்போடு நின்றார்கள். அத்தனை அனல்.

நாலு பேர் சேர்ந்தது ஒரு குழு. பலகையில் நிற்கும் இருவர் இறுகிய மாவைத் திரியாக உருட்டி, உள்ளங்கையைச் சுற்றி ஒரு வளைப்பு வளைத்து, நுனிகளைப் பலகையில் வைத்து அழுத்தி ஒட்டுவார்கள். கொப்பரைக்காரர் அவற்றைக் கொதிநீரில் இறக்கி, மிதந்து எழுந்ததும் அள்ளுவார். அடுப்புக்காரர், ஈரச் சாக்குத்துணி போர்த்திய நீளப் பலகைகளில் அவற்றை அடுக்கி உள்ளே தள்ளி, மேல்பக்கம் இறுகியதும் பலகையை ஒரே புரட்டாகப் புரட்டிச் சூடான கல்லின்மேல் கவிழ்ப்பார். கை பழகப் பல வருடம் ஆகும் தொழில் இது. அதனால்தான் பேகல் தொழிலாளர்களின் 338-ஆம் எண் சங்கத்துக்கு அவ்வளவு வலு இருந்தது. உறுப்பினர் சுமார் 300 பேர். பெரும்பாலும் அப்பனுக்குப் பின் மகன். கூட்டக் குறிப்புகளைக் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிய காலமும் உண்டு. 1951 டிசம்பரில் அவர்கள் வேலையை நிறுத்தியபோது நகரத்தின் 34 பேகல் பேக்கரிகளில் 32 மூடிக்கிடந்தன. பேகல் பஞ்சம் என்று நாளிதழ்கள் எழுதின.

இதற்கிடையில் மாவும் மாறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்ட்டிலும் மினியாபொலிஸிலும் கல் திரிகைகளின் இடத்தை இரும்பு உருளைகள் பிடித்தன. கோதுமை மணியில் எடைக்கணக்கில் சுமார் 83 சதவீதம் மாவுப்பகுதி, 14 சதவீதம் தவிடு, மிச்சம் முளை. உருளைகள் இந்த மூன்றையும் சுத்தமாகப் பிரித்தன. எண்ணெய்ச் சத்துள்ள முளை போனதால் மாவு சிக்கு வாடை வராமல் மாதக்கணக்கில் தாங்கியது; தவிடு போனதால் வெளுத்தது. விலையும் சரிந்தது. விசேஷத்துக்கென்று இருந்த வெள்ளை மாவு எல்லோருக்கும் எல்லா நாளும் கிடைத்தது. 1940-களில் அமெரிக்காவில் அதோடு இரும்பையும் சில பி வைட்டமின்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். நார்ச்சத்து திரும்பி வரவே இல்லை.

அடுத்த அடி இயந்திரத்திடமிருந்து வந்தது. போலந்தின் லுப்ளினிலிருந்து வந்த ஹாரி லெண்டர் 1927-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பேக்கரி திறந்தார். அவருடைய பிள்ளைகள் பேகலை உறையவைத்துப் பொட்டலம் கட்டி, அதன் பெயரையே அறியாத ஊர்களுக்கும் அனுப்பினார்கள். கனடாவில் பிறந்த டேனியல் தாம்சன் உருவாக்கிய பேகல் இயந்திரத்தை 1963-இல் வாடகைக்கு எடுத்தவர்களும் அவர்களே. தேர்ந்த கைகள் செய்துவந்த வேலையைப் பயிற்சி இல்லாத ஒருவர் இயந்திரத்தின் முன்னால் நின்று அதைவிட வேகமாக முடித்தார். இயந்திரத்துக்கு இறுகிய மாவு ஒத்துவராது, ஆகவே மாவு இளகியது. பல தொழிற்சாலைகளில் கொப்பரைக்குப் பதிலாக நீராவி வந்தது. அளவும் ஊதியது. மூன்று அங்குல அகலமும் 140 கலோரியுமாக இருந்த பேகல் இருபதே ஆண்டுகளில் ஆறு அங்குலமும் 350 கலோரியுமாக ஆகிவிட்டதை அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் எடுத்துக்காட்டியது. கனடாவின் மாண்ட்ரியாலோ விட்டுக்கொடுக்காமல் நின்றது. அங்கே ஃபேர்மவுண்ட், செயிண்ட் வியாத்தூர் கடைகளில் இன்றும் கையால் வளைத்து, தேன் கலந்த நீரில் வேகவைத்து, விறகடுப்பில்தான் சுடுகிறார்கள்.

இப்போது முழுத் தானியப் பேகலும் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் கடையில் பழுப்பாக இருப்பதெல்லாம் முழுத் தானியம் ஆகிவிடாது. பாகும் கேரமலும் நிறத்தைக் கொடுத்துவிடும். ‘பல தானியம்’ என்று போட்டிருந்தாலும் அடிப்படை மைதாவாக இருக்கலாம். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் முழுக் கோதுமை மாவு என்றிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலேயே செய்தால் அந்தச் சந்தேகமே இல்லை. நம் ஊரில் மாவு மில்லில் கோதுமையைக் கொடுத்து அரைத்து வாங்குகிறோமே, அதில் தவிடும் முளையும் அப்படியே இருக்கின்றன.

முழுக் கோதுமையில் பேகல் செய்வதன் சிக்கல் தவிட்டில் இருக்கிறது. பேகலின் மெல்லும் சுகம் குளூட்டன் என்ற புரதப் பின்னலால் வருவது. தவிட்டுத் துணுக்குகள் அந்தப் பின்னலை அறுக்கும். தண்ணீரையும் மெதுவாக, ஆனால் நிறையக் குடிக்கும். எனவே இரண்டு காரியம் செய்ய வேண்டும். மைதா பேகலைவிடத் தண்ணீரைக் கூட்ட வேண்டும். பிசைவதற்கு முன் மாவை நனைத்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊறிய தவிடு மெத்தென்று ஆகி, பின்னலை அவ்வளவாகக் கெடுக்காது.

பாதிக்குப் பாதியில் தொடங்குவது நல்லது. முழுக் கோதுமை மாவு 250 கிராம், மைதா 250 கிராம். மைதாவில் புரதம் குறைவு என்பதால், கிடைத்தால் குளூட்டன் பொடி ஒரு மேசைக்கரண்டி. தண்ணீர் 310 மில்லி. மில்லில் அரைத்த மாவு இன்னும் சற்றுக் கேட்கும். ஊறியதும் உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், தேனோ கரைத்த வெல்லமோ ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக, கையில் ஒட்டாமல், விரலால் குத்தினால் மெல்ல எழும்பும் பதம் வர வேண்டும். ஒரு மணி நேரம் மூடிவைத்துவிட்டு, பத்து உருண்டைகளாகப் பிரித்து, திரியாக உருட்டி வளையுங்கள். துளையைச் சற்றுப் பெரிதாகவே விடுங்கள். பொங்கும்போது தானே சுருங்கும். எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அந்த இரவை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். குளிரில் ஈஸ்ட் அடங்கி வேலை செய்யும். நொதித்தலின் மணமும் சுவையும் அந்த நேரத்தில்தான் ஊறுகின்றன. தவிட்டிலுள்ள, இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் எளிதில் சேரவிடாத ஃபைட்டேட்டும் ஓரளவு குறைகிறது.

காலையில் ஒன்றை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் தயார், மூழ்கினால் இன்னும் சற்று நேரம் வெளியே வையுங்கள். அகலமான பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, ஒரு கரண்டி வெல்லம் சேர்த்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் வேகவிடுங்கள். மேல்தோலின் மாவுச்சத்து கொழகொழத்து உறைந்து பளபளப்பாவது கண்ணுக்கே தெரியும். அந்த உறை விழுந்துவிடுவதால் ஓவனில் ரொட்டி அளவு மீறி உப்ப முடியாது. உள்ளே நெருக்கமாக, மெல்லும்படி நிற்கும். வெல்லம் மேல்நிறத்துக்கு. ஈரம் காயுமுன் எள்ளைத் தூவி, 220 டிகிரி செல்சியஸில் சூடேறிய ஓவனில் இருபது நிமிடம் சுட்டால் போதும்.

இப்படிச் செய்த ஒரு பேகல் சுமார் 80 கிராம் வரும். கொழுத்துப்போன பேகலைவிடச் சிறியது. அதில் ஏறக்குறைய மூன்றரை கிராம் நார்ச்சத்து இருக்கும். முழுக்க மைதாவில் செய்தால் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, ஒரு பேகல் நாளைக் காப்பாற்றிவிடாது. அவித்த முட்டையோ சுண்டலோ தயிரோ பக்கத்தில் வைத்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் அது நல்ல காலையுணவு. மிச்சத்தை அன்றே குறுக்கே வெட்டி ஃபிரீசரில் வைத்துவிடலாம். வேண்டும்போது நேரே டோஸ்டரில் போட்டால் சரியாக வரும். கை பழகிய பிறகு, முழுக் கோதுமையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். நாக்கும் அதற்குள் பழகிவிடும்.