வாக்குச் சீட்டும் நூல் நிலையமும்

மக்களாட்சியின் அடையாளம் யாது என்று வினவினால், வாக்குச் சீட்டு என்றே நம்மில் பலரும் விடை கூறுவோம். அவ்விடை தவறன்று; ஆயினும் முழுமையானதும் அன்று. வாக்களிக்கும் உரிமையைச் சட்டம் தந்துவிடும். அவ்வாக்கை யாருக்கு, எதன் பொருட்டு அளிப்பது என்று ஆராயும் ஆற்றலைச் சட்டத்தால் தர இயலாது. அதனை அறிவன்றோ தர வேண்டும்? அவ்வறிவை ஏழை, செல்வர் என்ற வேற்றுமையின்றி வழங்குதற்கு ஏற்பட்டதே பொது நூல் நிலையம்.

நாம் வாழும் இத்தலைநகரின் வரலாறே இதற்குச் சான்று. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், இமாசல மலைப்பகுதியில் நாட்டின் முதற் பொதுத் தேர்தல் தொடங்கிற்று. இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 27-ஆம் நாள், பழைய தில்லி இரயில் நிலையத்தின் அருகே தில்லிப் பொது நூல் நிலையத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

அத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 17 கோடி மக்கள். ஆனால் அந்த ஆண்டின் குடிக்கணக்குப்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. ஆதலின் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினர். சீட்டை எதில் இடுவது என்பதைச் சின்னம் காட்டிற்று. ஏன் இடுவது என்பதை எது காட்டும்?

அக்கேள்விக்கு ஒரு விடையாகவே அந்நூல் நிலையம் அமைந்தது. யுனெஸ்கோ நிறுவனமும் இந்திய சர்க்காரும் கூடி அதனை ஒரு முன்மாதிரியாக நிறுவின. அங்கே கட்டணம் இல்லை. அலமாரிகள் திறந்தே இருந்தன. வேண்டிய நூலை வாசகரே எடுத்துக் கொள்ளலாம். புதிதாக எழுத்துக் கற்றவர்க்கும் நூல்கள் வைக்கப்பெற்றன. கூடிப் பேசவும் விவாதிக்கவும் குழுக்கள் அமைந்தன. ஒருவர் கூறுவதை மற்றவர் செவிமடுத்து, மறுத்தும் உடன்பட்டும் உரையாடும் பழக்கமே மக்களாட்சியின் முதற் பாடம் என்பதை நாம் மறத்தற்கில்லை.

தில்லியில் இது நிகழுமுன்பே இத்துறையில் வழிகாட்டிய பெருமை நம் தமிழகத்துக்கு உண்டு. சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களை நாம் அறிவோம். 1947 முதல் சில ஆண்டுகள் தில்லிப் பல்கலைக் கழகத்திலும் அவர் பணியாற்றினார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்பதும் அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளின் உயிர்க் கருத்துகள். அவ்வாண்டிலேயே மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். மக்கள் நூலைத் தேடி வர இயலாவிடின், நூல் மக்களைத் தேடிச் செல்லட்டும் என்பதன்றோ அதன் கருத்து!

எனினும், நல்லார் ஒருவரின் கொடையால் நடக்கும் நிலையம் அவர் காலத்தோடு நின்றுவிடக் கூடும். அதில் எந்நூல் இருக்கலாம் என்பதையும் கொடுப்பவரே முடிவு செய்யக் கூடும். இதனை உணர்ந்த ரங்கநாதன், 1930-இலேயே காசியில் நடந்த கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி நூலக வரியாயிற்று.

ஆறு தம்பிடி என்பது அற்பத் தொகையே. ஆயின் அதன் பொருள் பெரிது. வரி செலுத்திய வீட்டார் அந்நிலையத்துள் நுழையும்போது எவர் தயவையும் நாடி நுழைவதில்லை. தம் உரிமையால் நுழைகின்றனர். வாக்குச் சாவடியிலும் நூல் நிலையத்திலும் மட்டுமே, பதவியும் பணமும் பாராமல், அனைவரும் ஒரே வரிசையில் நிற்கிறோம் எனின் மிகையாகாது.

இந்நாளில் செய்திக்குப் பஞ்சமில்லை. கையடக்கமான கைப்பேசியில் அது இரவும் பகலும் வந்து குவிகிறது. ஆனால் நாம் விரும்புவதையே அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நூல் நிலைய அலமாரியிலோ, நமக்கு உடன்பாடான நூலின் அருகிலேயே அதனை மறுக்கும் நூலும் நிற்கின்றது. இரண்டையும் படித்து முடிவு செய்பவரே உண்மையான வாக்காளர்.

பிழைப்பு நாடி இங்கு வந்த நாம், கோயிலும் கட்டினோம்; பள்ளியும் கண்டோம்; சங்கமும் வளர்த்தோம். நம் சங்கத்து நூல் அலமாரியின் சாவியோ பெரும்பாலும் ஆணியில் தொங்கிக் கொண்டிருக்கிறது. இவ்வாண்டு விழா நன்னாளில் நாம் ஓர் உறுதி கொள்வோமாக. நம் காலனிக் குழந்தைகள் ஒவ்வொருவரையும் நகரின் பொது நூல் நிலையத்தில் உறுப்பினராக்குவோம். நம் அலமாரியையும் வாரந்தோறும் திறந்து வைப்போம். பதினெட்டு வயதில் அவர்கள் கையில் வாக்குச் சீட்டு வருமுன், நல்ல நூல்கள் வந்து சேரட்டும்.