குடம் இல்லாத வில்லுப்பாட்டு



நாஞ்சில் நாட்டின் கீழ்த்திசை வாயிலில் அமைந்த ஊர் தோவாளை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மேற்கு நோக்கி வருவோரை முதலில் வரவேற்கும் ஊர்களுள் அதுவும் ஒன்று. விடியுமுன் அங்கே கூடும் பூச்சந்தையைத் தமிழகமும் அறியும், கேரளமும் அறியும். பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கதிரவன் மேலே எழுவதற்குள் விலை பேசப்பட்டு வண்டியேறிப் போய்விடும். ஆயினும் இன்று நான் பேச வந்தது அவ்வூரின் மணத்தைப் பற்றி அன்று. ஓசையைப் பற்றியே பேச வந்தேன்.

அந்த வட்டாரத்துக் கோயில்களில் கொடைவிழா நிகழும்போது வில்லுப்பாட்டு நடைபெறும். நீண்ட வில்லில் மணிகள் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். வில்லின் நடுப்பகுதி ஒரு மண்குடத்தின் கழுத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். உடுக்கையும் தாளமும் கட்டையும் துணை செய்யும். குடத்தை முழக்குபவர் பத்தி என்னும் தட்டையான கருவியால் அதன் வாயில் அடிப்பார். அப்போது பிறக்கும் ஆழ்ந்த நாதம் காதுக்கு மட்டும் கேட்பதன்று. அருகில் அமர்ந்தவர் நெஞ்சிலும் அது அதிரும். அந்நாதத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து தோவாளைக்குக் காரில் சென்றேன். அது கைமாறி வந்த பழைய வண்டி. அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட வானொலி ஒன்று இருந்தது. நல்வாய்ப்பாக அன்று வில்லிசை ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. “இதுதான் நம் ஊர்க் கலை, வில்லும் குடமும் சேர்ந்தது” என்று பெருமையோடு சொன்னேன். கல்லூரி மாணவனாகிய அவன் சற்று நேரம் செவி சாய்த்துவிட்டு, “இதில் குடம் எங்கே இருக்கிறது, மாமா?” என்று கேட்டான்.

நானும் உற்றுக் கேட்டேன். மணி ஒலித்தது, நாண் ஒலித்தது, பாடகர் குரலும் ஒலித்தது. குடத்தை மட்டும் காணோம்! பல மாதங்களாக அதே வண்டியில் அதே இசையைக் கேட்டு வந்தேன். குடத்தின் ஓசையை என் நினைவே நிரப்பிக்கொண்டிருந்தது போலும். நினைவில் நிரப்பிக்கொள்ள ஏதுமில்லாத இளைஞனுக்கோ அது குடம் இல்லாத வில்லுப்பாட்டாகவே கேட்டது. அக்கேள்வி என்னைத் தைத்தது. ஒரு கலையை இயந்திரங்களின் வாயிலாகவே கேட்டு வளரும் தலைமுறைக்கு, இயந்திரம் விழுங்கிவிட்ட ஓசை பிறவாத ஓசையே அன்றோ?

மறுவாரமே ஒரு கடைக்குச் சென்று, கதவுகளில் இருந்த ஒலிபெருக்கிகளை மாற்றி, விலையுயர்ந்தவை இரண்டைப் பொருத்தச் செய்தேன். ஓசை உரத்து வந்தது. மணியொலி காதைக் குத்தியது. குடமோ முன்னிருந்த அளவும் கேட்கவில்லை! பணம் கொடுத்துக் கலக்கத்தை வாங்கி வந்தேன். நான் பொறியியல் கற்றவன் அல்லன், வரலாறு கற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். இக்கருவி வண்டிக்குள் எவ்வாறு வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

நம் நாட்டில் வானொலி பெருந்தொழிலாகத் தோன்றவில்லை. ஆர்வலர்களின் கைவேலையாகவே தோன்றியது. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் அமைந்தது; அவ்வாண்டிலேயே ஒலிபரப்பும் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் அச்சங்கம் 1927இல் நின்றுபோயிற்று. பின்னர்ச் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. நாஞ்சில் நாடு அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. திருவனந்தபுரத்தில் 1943இல் அந்த அரசு நிலையம் கண்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1963இல் திருநெல்வேலி நிலையமும், 1984இல் நாகர்கோவில் நிலையமும் தோன்றின. இவ்வாறு ஒலிபரப்பு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

வண்டிக்குள் வானொலி புகுந்த கதை வேறு. அமெரிக்காவில் சிகாகோ நகரில் சிறு தொழிலகம் நடத்திய பால் கால்வின் என்பவர், 1930இல் காருக்கென ஒரு வானொலியை அமைத்தார். மோட்டார் வண்டியில் பாடும் பெட்டி என்பது தோன்ற, ‘மோட்டரோலா’ என்று அதற்குப் பெயரிட்டார். அட்லாண்டிக் சிட்டியில் வானொலி வணிகர் மாநாடு கூடியபோது, அக்கருவி பொருத்திய தம் காரை வெளியே நிறுத்தி, வருவோரை அழைத்துக் கேட்கச் செய்தார் என்பர். ஐரோப்பாவில் பிளாபுங்ட் நிறுவனம் 1932இல் காருக்கான வானொலியை வெளியிட்டது.

அந்நாளில் பெரும் பகையாக இருந்தது இயந்திரத்தின் மின்பொறியே. ஒவ்வொரு பொறியும் வானொலியில் ஓர் இரைச்சலாகக் கேட்டது. அதனை அடக்குவதிலேயே பொறியாளர் அறிவெல்லாம் செலவாயிற்று. 1955இல் கிறைஸ்லர் கார்களில் டிரான்சிஸ்டர் வானொலி வந்தது; கருவி சிறுத்தது. பின்னர் ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்தன. வாங்கும் கருவி ஆண்டுதோறும் திருந்தியது. ஆனால் ஒலிபெருக்கிக்குக் கிடைத்த இடமோ, கதவிலும் பலகையிலும் மிஞ்சிய பொந்துதான். என் வண்டியின் குறை அங்கேதான் இருக்க வேண்டும் என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

இனி ஒலிபெருக்கியின் வரலாற்றைக் காண்போம். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டத்திற்கு ஏற்ப அது முன்னும் பின்னும் அசையும். இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தியவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர். 1925இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வே இன்றைய ஒலிபெருக்கிகளுக்கு வழிகாட்டியது. கூம்பைத் தனியே தொங்கவிட்டால் ஆழ்ந்த ஒலி பிறக்காது என்பதையும், அதனை ஒரு பலகையின் துளையில் பொருத்த வேண்டும் என்பதையும் அவர்கள் காட்டினர்.

காரணம் எளிது. கூம்பு முன்னே வரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. பின்புறக் காற்று விரிகிறது. ஒரு தொட்டி நீரில் சிறு பலகையைச் செங்குத்தாக நிறுத்தி மெல்லத் தள்ளிப் பாருங்கள். நீர் ஓரங்களின் வழியே பின்னுக்கு நழுவிவிடும்; அலை எழாது. விரைந்து அசைத்தால் நழுவ நேரமின்றி அலை எழும். மெல்லிய அசைவே ஆழ்ந்த ஒலி; விரைந்த அசைவே கீச்சொலி. முன்புறத்திற்கும் பின்புறத்திற்கும் இடையே வழியிருந்தால், ஆழ்ந்த ஒலி பிறந்த இடத்திலேயே தன்னைத்தான் அழித்துக்கொள்கிறது. மணியொலி தப்பிப் பிழைக்க, குடவொலி மாய்ந்துபோவது இதனாலேதான்.

இதற்கு மேல் ஒரு வியப்பும் உண்டு. குடம் போன்ற கலங்களில் ஒலி எவ்வாறு பெருகுகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்து, 1863இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். உள்ளே இருக்கும் காற்று ஒரு சுருள்வில் போலவும், வாயிலுள்ள காற்று அதில் கட்டிய எடை போலவும் சேர்ந்து அதிர்கின்றன என்பது அதன் கருத்து. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த துராஸ் என்பவர், ஒலிபெருக்கிப் பெட்டியில் குடத்திற்கு இருப்பதுபோல ஒரு வாய் அமைத்து, பின்புற அலையை முன்புற அலையோடு ஒத்துழைக்கச் செய்தார். அதற்கான உரிமையை 1932இல் பெற்றார். எங்கள் ஊர்க் கலைஞர்கள் சூத்திரம் எழுதியவர்கள் அல்லர். ஆயினும் குடத்தின் பருமனும் வாயும் நாதத்தை மாற்றும் என்பதைக் கையால் அறிந்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் படித்த பின்னும் வண்டியில் கைவைக்கத் துணிவு வரவில்லை. ஒரு நாள் தோவாளையில், இளமையில் குடம் முழக்கிய முதியவர் ஒருவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து கார்க் கதவை விரலால் தட்டினார். தகரம் சலசலத்தது. “விரிசல் விட்ட குடத்துக்கு நாதம் ஏது, மக்களே? முதல்ல ஓட்டையை அடை” என்றார். நூல்களில் நான் கண்டதை ஒரே சொல்லில் அவர் முடித்துவிட்டார்.

மறுநாள் நானும் மருமகனும் வேலையைத் தொடங்கினோம். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கதவின் உட்புற அட்டையை மெல்ல எடுத்தோம். உள்தகட்டில் உள்ளங்கை அகலத்தில் துளைகள் பல இருந்தன. மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றே அவற்றை மூடியிருந்தது, அதுவும் கிழிந்திருந்தது. ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி! விலையுயர்ந்த ஒலிபெருக்கி அங்கே என்ன செய்யும்?

முதலில் வெளித்தகட்டின் உட்புறத்தைத் துடைத்து, தார்த்தாளைத் துண்டு துண்டாக ஒட்டினோம். தகரத்தின் சலசலப்பு அடங்கியது. அடுத்து, நீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் வளையம் அறுத்து, வண்ணம் பூசி, ரப்பர்ப் பட்டை வைத்து, ஒலிபெருக்கியை அதன்மேல் இறுக்கினோம். பின்னர் உள்தகட்டின் துளைகளைத் தார்த்தாளால் மூடினோம். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மூடவில்லை. அவற்றை அடைத்தால் கதவு துருப்பிடித்துவிடும். பஞ்சும் திணிக்கவில்லை; அது நீரைக் குடித்துக் கனக்கும். ஆடும் கம்பிகளுக்குத் துணி சுற்றினோம். வானொலியின் எர்த் கம்பி பிடித்திருந்த இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, மறையை இறுக்கினோம். இயந்திரத்தோடு சேர்ந்து ஏறியிறங்கிய ஊளையொலி நின்றது. கால்வின் காலத்துப் பகையின் எச்சம் அது!

இவ்வளவு செய்தும் குடம் அரைகுறையாகவே கேட்டது. மருமகன்தான் அதன் காரணத்தைக் கண்டான். ஒலிபெருக்கியின் கம்பிகளை வானொலியிலிருந்து பிரித்து, ஒன்றரை வோல்ட் மின்கலத்தால் நொடிப்பொழுது தொட்டான். வலக்கதவின் கூம்பு வெளியே வந்தது. இடக்கதவின் கூம்பு உள்ளே போயிற்று. கடையில் ஒரு பக்கக் கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறார்கள்! ஒன்று தள்ள, மற்றொன்று இழுக்க, ஆழ்ந்த ஒலி இடையில் மடிந்தது. ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1931இல் உரிமை கோரிய இரட்டையொலி முறை, இரு செவிக்கும் இரு வாய் என்னும் அரிய கருத்தாகும். அவ்விரு வாயும் ஒருமித்துப் பேசினால் அன்றோ பயன்? கம்பியை மாற்றினோம்.

இருவரும் வண்டிக்குள் அமர்ந்து, பதிவு செய்து வைத்திருந்த வில்லிசையை ஒலிக்கச் செய்தோம். நாண் அதிர்ந்தது, மணி குலுங்கியது, அவற்றின் அடியில், நிலத்திலிருந்து எழுவது போலக் குடம் முழங்கியது. மருமகன் என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. இரு கதவுகளுக்கும் ஆன செலவு, முன்னர் நான் கடையில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் இராது. பின்பு ஒருநாள் அம்முதியவரை அழைத்து வந்து கேட்கச் செய்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், “குடம் இருக்கு, ஆனா, பக்கத்துல உக்காந்து கேக்கது மாதிரி வருமா?” என்றார். அதுவும் உண்மையே. கார்க் கதவு ஒருநாளும் முழுக்குடம் ஆகாது.

நண்பர்களே, இதனை நீங்கள் முயல்வதானால் சில எச்சரிக்கைகளை நெஞ்சிற்கொள்ளுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் விபத்துக் காப்புக் காற்றுப்பை தொடர்பான கருவிகள் கதவிலும் இருக்கும். அறிந்தவர் துணையின்றி அவற்றைத் தொடாதீர்கள். மின்காப்பு இழையைப் பெரிதாக மாற்றாதீர்கள், தீப்பிடிக்கும். தெளிவு வந்த பின் உரத்து வைக்கத் தேவையில்லை. மிகுந்த ஒலி செவியின் நுண்ணிய உணர்மயிர்களை அழிக்கும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் முறையற்று உரக்கக் கேட்பதால் செவித்திறன் இழக்கும் இடரில் உள்ளனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரித்துள்ளது.

ஒரு பொருள் குறையுடையதாகத் தோன்றினால், அதைவிட விலையுயர்ந்ததை வாங்குவதே தீர்வு என்று நாம் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணி ஏமாந்தேன். குறை எங்கே இருக்கிறது, அது எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்தால், பல வேளைகளில் ஒரு தாளும் ஒரு பலகையும் போதுமானவை ஆகின்றன. வரலாறு படிப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று என்பேன்.

அடுத்த ஆண்டுக் கொடைவிழாவிற்கு மருமகன் சென்னையிலிருந்து வந்தான். வில்லுப்பாட்டு மேடையில் எங்கே அமர்வது என்று நான் இடம் தேடிக்கொண்டிருக்க, அவன் நேரே சென்று குடத்தின் அருகே உட்கார்ந்தான்.